செந்நாயைப் பின்தொடர்ந்த ஆசிரியர்

கேமரன் மலையிலே, கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேல் உள்ளது கியா பார்ம். ஒரு புறம் காய்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும். மறு புறம் மலைக்காடு. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிவித்தார். பின்னர்த் தேயிலை வந்தது. கொழுந்தெடுக்கத் தமிழரும் வந்தனர். காட்டோரம் வாழ்வார்க்கு விலங்கின் அடிச்சுவடு புதியதன்று. ஆயினும், சுவட்டைக் கண்டு ஒதுங்கிச் செல்வது வேறு. அதைக் கொண்டே ஒரு விலங்கின் வாழ்க்கையை எழுதுவது வேறு. பகாங் காடுகளிலும் வாழும் செந்நாயைப் பற்றி அவ்வாறு எழுதியவர் ஒரு தமிழர். எழுதிய இடம் மட்டும் இந்தியக் காடு.

நம் இலக்கண நூலார் பாலைக்குக் கூறிய கருப்பொருள்களுள் செந்நாயும் ஒன்று. புலவர் போற்றிய அதனை ஆங்கில ஆட்சி தீய பிராணியென்று முடிவுகட்டி, கொன்றவர்க்குப் பரிசுப் பணம் அளித்தது. மானினத்தை அழிக்கிறது என்பதே குற்றச்சாட்டு. விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த இவ்வழக்கம், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே ஓய்ந்தது. சாட்சி விசாரியாமலே தண்டனை! அது எதைத் தின்கிறது என்று காட்டில் இருந்து பார்த்தவர் மிகச் சிலர்.

நாங்குநேரியில் 1945-இல் பிறந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். 1976 முதல் 1978 வரை கன்னட நாட்டுப் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தைக் கால்நடையாகவே பின்தொடர்ந்தார். செந்நாய் குரைப்பதைவிடச் சீழ்க்கையடித்தே தன் கூட்டத்தை அழைக்கும். ஆகவே காதும் வேண்டும். மானின் எச்சரிக்கைக் குரல், வானில் வட்டமிடும் கழுகு ஆகியவை இரை விழுந்த இடத்தைக் காட்டும். செந்நாயின் எச்சத்தைக் கழுவி, அதிலுள்ள மயிரை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், உண்ட விலங்கு இன்னதென்று தெரியும். அருவருப்பான வேலைதான், ஆனால் இதனினும் நேர்மையான சாட்சி இல்லை. புள்ளிமானே முதன்மை இரை என்பதும், புலியும் சிறுத்தையும் செந்நாயும் ஒரே காட்டில் இரையைப் பங்கிட்டு வாழும் விதமும் இவ்வாறு வெளிப்பட்டன. கூட்டாக வேட்டையாடிக் கூட்டாகக் குட்டி வளர்க்கும் அதன் இல்லறமும் தெரிந்தது.

1985-இல் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்து, 2005 வரை பல மாணாக்கரைக் காட்டில் நடக்கவைத்தார். 2024-இல் காலமானார். பகாங்கின் தாமான் நெகாராவிலே இப்போது மரத்தில் கட்டிய தானியங்கிப் படக்கருவிகளில் செந்நாய் அகப்படுகிறது.