மீற்றர் பெட்டியும் அம்மாவின் தலையிடியும்

இலண்டனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் இருந்த பழைய மின் மீற்றரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீற்றர் பூட்டி மூன்று கிழமைகள்கூட ஆகவில்லை, அம்மாவுக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. நித்திரையும் போய்விட்டது. மீற்றருடன் தந்த சிறு திரையை அவர் ஒரு துவாயால் சுற்றிக் குசினி லாச்சிக்குள் வைத்தார். "அந்தப் பெட்டி இரவு முழுக்க என்னவோ அனுப்பிக்கொண்டிருக்குது" என்பது அவரின் முடிவு. உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்த காணொளி ஒன்றும் அதையே சொன்னது.

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. பிரித்தானியா, பிரான்ஸ், கனடா என்று எங்கள் மக்கள் கூடுதலாக வாழும் நாடுகள் பலவற்றில் இந்த மீற்றர்கள் வந்துவிட்டன. அவற்றோடு புற்றுநோய், தலையிடி, நித்திரையின்மை என்ற பயங்களும் வந்தன. பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அம்மாவின் தலையிடி பொய்யல்ல. ஆகவே அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

பிரித்தானிய வீட்டு ஸ்மார்ட் மீற்றர் இரண்டு விதமாகப் பேசுகிறது. ஒன்று வீட்டுக்குள்ளே: மின் மீற்றர், எரிவாயு மீற்றர், அந்தச் சிறு திரை ஆகியவை தங்களுக்குள் பேசிக்கொள்வது. இது பெரும்பாலும் வீட்டு வைபை பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், மிகக் குறைந்த வலுவில் நடக்கிறது. திரையில் மின்சாரத்தின் கணக்கு ஏறத்தாழ 10 செக்கனுக்கு ஒருமுறையும் எரிவாயுவின் கணக்கு அரை மணிக்கு ஒருமுறையும் மாறும். மற்றையது வெளியே: எடுத்த கணக்கை மின் கொம்பனிக்கு அனுப்புவது. இங்கிலாந்தின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் இதற்குக் கைத்தொலைபேசி வலையமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் 400 மெகாஹேர்ட்ஸ் அளவிலான தனி வானொலி வலையமைப்பு இருக்கிறது. இந்த அனுப்புதல் இரவு முழுக்க நடப்பதில்லை. துண்டு துண்டாக, சில நொடிகளில் முடிந்துவிடும்.

எரிவாயு மீற்றரைப் பாருங்கள். அது மின்கம்பியோடு இணைக்கப்படுவதில்லை, பற்றரியில் ஓடுகிறது. அந்தப் பற்றரி பல வருடங்கள் தாங்க வேண்டும். இடைவிடாமல் அலை வீசிக்கொண்டிருந்தால் அது ஒரு மாதமும் தாங்காது. பெரும்பாலான நேரம் அந்த மீற்றர் நித்திரைதான்.

பிரித்தானியாவின் பொதுச் சுகாதாரத் துறையினர் இந்த மீற்றர்களை அளந்து பார்த்தார்கள். அரை மீற்றர் தூரத்தில் வைத்து அளந்தபோதும், பொதுமக்களுக்கென்று வகுக்கப்பட்ட சர்வதேச எல்லையின் ஒரு வீதத்துக்கும் குறைவான அளவே பதிவானது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நாலில் ஒன்றாகக் குறையும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீற்றருக்கும் மேல்மாடிக் கட்டிலுக்கும் இடையில் எத்தனை மீற்றர் என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் அதே காணொளியைப் பார்க்கக் கைத்தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பவர்கள் எங்களில் எத்தனை பேர்?

"உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட்டதே" என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் பிரான்சின் லியோன் நகரில் கூடி, வானொலி அலைகளை "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற 2பி தொகுதியில் சேர்த்தது. பெரும்பாலும் கைத்தொலைபேசியைக் காதோடு வைத்துப் பேசுவோர் பற்றிய ஆய்வுகளை வைத்தே அந்த முடிவு எடுக்கப்பட்டது, அந்த ஆய்வுகளும் உறுதியானவை அல்ல என்று அவர்களே சொன்னார்கள். கற்றாழை முழு இலையின் சாறும் பின்னர் அதே தொகுதிக்குள் வந்தது. புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவை முதலாம் தொகுதியில் இருக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? வெற்றிலை பாக்கு, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். மீற்றருக்குப் பயந்து வாய் நிறைய வெற்றிலையோடு எங்களுக்கு அறிவுரை சொன்ன பெரியவர் ஒருவரும் உண்டு. அவரிடம் இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

தலையிடிக்கு வருவோம். அலைகளால் உடல் பாதிக்கப்படுகிறது என்று உணர்பவர்களை வைத்துப் பல சோதனைகள் நடந்துள்ளன. எசெக்ஸ் பல்கலைக்கழகம் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி உணர்ந்த 44 பேரையும் உணராத 114 பேரையும் கைத்தொலைபேசிக் கோபுர அலைக்கு உட்படுத்தினார்கள். அலை ஓடுகிறது என்று சொன்னபோது முதற் பிரிவினருக்கு உடல் உபாதைகள் கூடின. ஓடுகிறதா இல்லையா என்பதைச் சோதிப்பவருக்கும் தெரியாமல் மறைத்தபோது அவர்களால் அதைப் பிரித்தறிய முடியவில்லை. இலண்டனில் நடந்து 2013 இல் வெளியான இன்னொரு ஆய்வில், 147 பேரில் ஒரு பகுதியினருக்கு வைபை ஆபத்து பற்றிய தொலைக்காட்சிப் படத்தைக் காட்டிவிட்டு, இப்போது வைபை போடுகிறோம் என்றார்கள். உண்மையில் எதையும் போடவில்லை. இருந்தும் பாதிக்கு மேற்பட்டோர் தங்களுக்கு ஏதோ செய்வதாகச் சொன்னார்கள்.

அவர்கள் நடிக்கவில்லை. பயம் உடம்பை நோகச் செய்யும், தலை உண்மையாகவே இடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2005 இல் சொன்னதும் இதுதான்: உபாதைகள் உண்மை, ஆனால் அலைகளால்தான் வருகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படியென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மீற்றரில் பழியைப் போட்டுவிட்டுத் தேடாமல் இருப்பதுதான் உண்மையில் ஆபத்து.

அதிலும் முதலில் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம். கோயிலுக்கோ மகள் வீட்டுக்கோ போனால் சுகம். திரும்பி வந்தால் மறுபடியும். "பார்த்தீர்களா, மீற்றர்தான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் இவை காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவின் அறிகுறிகள். பழுதான பொயிலர், எரிவாயு அடுப்பு, அடைபட்ட புகைபோக்கி ஆகியவற்றிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லும். வீட்டில் ஒருவருக்கு மட்டுமல்லாமல் பலருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். யன்னல்களைத் திறந்து, பொயிலரை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்து, 0800 111 999 என்ற எரிவாயு அவசர இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இதற்கான எச்சரிக்கைக் கருவி இருபது பவுண் அளவில் கடைகளில் கிடைக்கிறது. ஒரு வீட்டை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட அறைகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இதை அவசியம் வாங்கி வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு அது இல்லை. குடும்ப வைத்தியர் பார்த்தபோது பிரஷர் நன்றாகக் கூடியிருந்தது. இரவில் அறை எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. திரையைத் துவாயால் சுற்றுவதற்கு முன்னர் அம்மா அதைப் பார்த்தபடியே இருந்திருக்கிறார். பவுணும் பென்சும் ஏறுவதைக் கண்டு, நாங்கள் வேலைக்குப் போனதும் ஹீற்றரை நிறுத்தி, போர்வைக்குள் இருந்திருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் சிக்கன விளக்குச் செய்து, மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் பாவித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களிடம் நிமிடத்துக்கு நிமிடம் காசு காட்டும் ஒரு திரையைக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்? குளிர் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் அறிவுறுத்தியிருக்கிறது. அம்மாவின் அறையில் பகலில் 14 பாகை இருந்தது. இப்போது திரையை மின்னிணைப்பிலிருந்து கழற்றிவிட்டோம். மீற்றர் அது இல்லாமலும் ஓடும்.

இந்த மீற்றரால் உடலுக்கு வரக்கூடிய இன்னொரு கேடு கடனோடு சம்பந்தப்பட்டது. பழைய காலத்தில் கட்டணம் கட்டாதவரின் வீட்டில் முற்பணம் போட்டு ஓடும் மீற்றரைப் பூட்ட, நீதிமன்ற ஆணையோடு ஆட்கள் வர வேண்டும். ஸ்மார்ட் மீற்றரை முற்பண முறைக்கு மாற்ற ஒருவரும் வரத் தேவையில்லை, அலுவலகத்தில் இருந்தபடியே மாற்றலாம். பணம் போடாவிட்டால் மின்சாரமும் சூடும் நின்றுவிடும். 2023 பெப்ரவரியில், நோயாளிகளின் வீடுகளுக்குள்ளும் கடன் வசூலிப்பவர்கள் புகுந்து முற்பண மீற்றர் பூட்டியதை டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்பான ஒஃப்ஜெம் அதை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் புதிய விதிகள் வந்தன. 2 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டிலும், வேறு துணையில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவரின் வீட்டிலும், மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவியில் தங்கியிருப்பவரின் வீட்டிலும் விருப்பமில்லாமல் இப்படி மாற்றக் கூடாது. கட்டணம் கட்ட முடியாமல் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்கள் எங்களிடையே உண்டு. அந்தக் கடிதங்களைப் பிரியுங்கள்.

மீற்றர் வேண்டாம் என்று சொல்லலாமா? பிரித்தானியாவில் சொல்லலாம். ஆனால் பழைய மீற்றரின் ஆயுள் முடிந்தால் மாற்றத்தான் வேண்டும், அப்போதும் தகவல் அனுப்பாத நிலையில் வைக்கும்படி கேட்கலாம். ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். கியூபெக்கில் 2012 இல் மறுத்தவர்களிடம் 137 டொலரும் பிறகு மாதம் 17 டொலரும் கேட்டார்கள், பின்னர் குறைத்தார்கள். பிரான்சில் லிங்கி எனப்படும் மீற்றர் வீட்டு மின்கம்பி வழியாகவே பேசுகிறது. அங்கே 2019 இல் தூர் நகர நீதிமன்றத்துக்குப் போன 121 பேரில், மருத்துவச் சான்று காட்டிய 13 பேருக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

மறுப்பதற்குக் கதிர்வீச்சைக் காரணம் காட்டும் பலரின் மனதில் உண்மையில் வேறொன்று இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். குடும்ப விபரத்தையும் படத்தையும் இராணுவத்துக்குக் கொடுத்து, இரவு யார் யார் தங்குகிறார்கள் என்று பதிந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுக்கும் மின் கணக்கைப் பார்த்தால் ஒரு வீடு எப்போது எழும்புகிறது, எப்போது ஆளில்லாமல் கிடக்கிறது என்பது தெரியும். அந்தப் பயத்துக்கு நோய் என்று பெயர் வைக்கத் தேவையில்லை, அது நியாயமானது. 2009 இல் நெதர்லாந்தின் மேலவை கட்டாய ஸ்மார்ட் மீற்றர் சட்டத்தை நிறுத்தியதும் இதே தனியுரிமைக் காரணத்தால்தான். பிரித்தானியாவில் நாளுக்கு ஒருமுறை மட்டும் கணக்கை எடுக்கும்படி கொம்பனியிடம் சொல்லலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அதே அழைப்பில் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் வீட்டு மூத்தவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள், இலவசம். ஓய்வூதிய வயதை எட்டியவர்கள், நீண்டகால நோயாளிகள், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டுமல்ல, ஆங்கிலம் சரளமாகப் பேசவோ வாசிக்கவோ முடியாதவர்களும் சேரலாம். மீற்றர் பார்க்க வருபவர் வாசலில் சொல்ல வேண்டிய இரகசியச் சொல் ஒன்றையும் பதிந்து வைக்கலாம். அம்மாவைக் கேட்டோம். ஊரில் எங்கள் வளவில் நின்ற ஒரு மரத்தின் பெயரைத் தெரிந்தெடுத்தார். இனி வருகிறவர் அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.