படப்பை பக்கம் வீடு பார்க்கிறீங்களா? முதல்ல ஊரைப் படிக்கக் கத்துக்கோங்க!

'படப்பை'ன்னா என்ன அர்த்தம் தெரியுமா? பழந்தமிழில் தோட்டம், கொல்லைன்னு அர்த்தம். இப்போ வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் விடிகாலையில் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் வரிசைகட்டிப் போகும் கம்பெனி பஸ்கள்தான். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டுன்னு ஆலைகள் அடுத்தடுத்து திறக்க, சுற்றியிருந்த சின்னச் சின்ன ஊர்களெல்லாம் ஷிஃப்ட் டைமுக்கு வாழப் பழகிவிட்டன.

ஆனா, மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே திரும்பிப் பாருங்க. பழைய ஊர் இன்னும் அப்படியே இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்சா, வாடகைக்கு ரூம் பார்க்கிறவங்களுக்கும் மனை வாங்கறவங்களுக்கும் ரொம்பவே உதவும்.

ஏரிதான் சென்டர்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்'னே பேர். இங்கே வற்றாத ஆறு கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைப் பிடித்து வைத்தால்தான் விவசாயம். அதனால், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை மாதிரி வளைத்து மண் கரை போட்டார்கள். கரையில் பனைமரங்கள். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட மதகு. நிரம்பினால் உபரி நீர் வழிய கலங்கல். அங்கே வழியும் தண்ணீர் ஓடை வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஒரு ஏரி தனி ஏரி இல்லை, சங்கிலியில் ஒரு கண்ணி!

யார் எங்கே?

கரைக்குக் கீழே தண்ணீர் பாயும் நிலம் நஞ்சை. தண்ணீர் ஏறாத மேடு புஞ்சை. மாடு மேய விட்ட இடம் மேய்க்கால். வீடுகள் இருக்கும் மேட்டுப் பகுதி நத்தம். அதிலிருந்து தள்ளி, பெரும்பாலும் வயலுக்கு அந்தப் பக்கம், தலித் மக்களின் தெரு. தண்ணீருக்காக மட்டுமில்லாமல் சாதிக்காகவும் போட்ட கோடு அது. 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால், ஊரின் வரைபடத்தில் அந்த இடைவெளி இன்னும் தெரிகிறது.

சின்ன ஊர்தானேன்னு நினைக்காதீங்க

ஒரகடம் பக்கத்தில் இருக்கும் வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது சிறு கற்கருவிகளும், பானை ஓடுகளும், தங்க நகைத் துண்டுகளும் கிடைத்தன. படப்பைக்குப் பக்கத்து ஊரான மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிய போர்க்களம். அங்கே யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை கொண்ட தர்மேஸ்வரர் கோயிலை இன்றும் பார்க்கலாம்.

2015 சொன்ன பாடம்

சென்னைக்குள் ஓடும் அடையாறு பிறப்பதே இந்தப் பக்கத்து ஆதனூர் ஏரியில்தான். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, கீழே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மிதந்தன. படகில்தான் ஆட்களை மீட்டார்கள். புதுசாக எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் எப்போதும் போகிற வழியில்தான் போனது. நடுவில் வீடுகள் வந்திருந்தன, அவ்வளவுதான். அதன்பிறகுதான் ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டும் திட்டம் வந்தது.

போன்லயே செக் பண்ணலாம்

* மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டு, பக்கத்து ஏரியின் கரையைத் தேடுங்க. நீங்க பார்க்கிற மனை கரைக்கு மேலேயா, கீழேயா? உள்ளேயேவா?
* கலங்கல் எங்கே, ஓடை எந்தப் பக்கம் போகிறதுன்னு பாருங்க. ஓடை திடீர்னு காணாமப் போய் அங்கே மனைப்பிரிவு இருந்தால் உஷார்.
* கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களையும் பார்க்கலாம். மழை முடிந்த ஜனவரி, பிப்ரவரி படங்கள் பெஸ்ட்.
* தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேடு, புலப்படம் பாருங்க. நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கான்னு தெரிந்துவிடும்.
* கடைசியா, டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேளுங்க: "ஐயா, பதினஞ்சுல இங்க எவ்ளோ தண்ணி வந்துச்சு?"

மனை விற்கிறவரிடம் "அப்ரூவல் இருக்கா?"ன்னு எல்லாரும் கேட்கிறோம். "கலங்கல் எங்கே இருக்கு?"ன்னு இனிமே சேர்த்துக் கேளுங்க. பதில் சொல்ல அவர் தடுமாறினால், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னொரு முறை, மழை பெய்யும் ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாங்க!