ரப்பருக்கு எண் வந்த வரலாறு

நம் நாட்டு ரப்பரின் வரலாறு என்றவுடன் கியூ தோட்டத்து விதைகளும் ரிட்லியின் பால்வெட்டு முறையும் நம் நினைவுக்கு வரும். 1965ஆம் ஆண்டில் நிகழ்ந்த மாறுதலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தோட்டப் பள்ளிகளில் ரப்பரைப் பாடமாகச் சொல்லும் நாமும் அதை அறிந்திருத்தல் நன்று.

அதற்கு முன் ரப்பரின் தரத்தைக் கண்ணே தீர்மானித்தது. புகையூட்டிய ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நிறம், குமிழி, பூஞ்சை, பட்டைத் துணுக்கு ஆகியவற்றைப் பார்த்து ஐந்தாம் தரம் வரை பிரிப்பார்கள். இதற்கென வணிகர்கள் வகுத்த விதிநூலுக்குப் ‘பச்சைப் புத்தகம்’ என்று பெயர். விதி ஒன்றுதான், பார்க்கும் கண்களோ பல. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டயர் செய்கையில் கரித்தூள் சேர்ந்து எல்லாமே கறுத்துவிடும். ஆயினும் ஷீட்டின் நிறம் மங்கினால் விலையும் இறங்கியது!

இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் வசமானதும், அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. போருக்குப் பின்னும் அது ஓயவில்லை. செயற்கை ரப்பர் சிறு கட்டிகளாக, பாலித்தீன் உறையில், சோதித்தறிந்த குணங்களோடு வந்தது. நம்முடையதோ நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெருஞ்சிப்பமாக, ஒட்டாதிருக்க மேலே மாவுப் பூச்சுடன் சென்றது. உள்ளே இருப்பது இன்னதென வாங்குவோர் அறிய வழியில்லை. 1960களில் உலகப் பயன்பாட்டில் செயற்கை ரப்பர் முந்திக்கொண்டது. ரப்பரையே நம்பியிருந்த இந்நாட்டுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

விடையாக வந்ததே ‘எஸ்.எம்.ஆர்.’ எனும் மலேசியத் தர ரப்பர்த் திட்டம். ரப்பரைக் கரைத்து, நுண்சல்லடையில் வடித்து, தங்கும் அழுக்கை நிறுத்தார்கள். நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேற்படாவிட்டால் அது எஸ்.எம்.ஆர். 5, அன்றைய வரம்புப்படி 0.20 வரை இருந்தால் எஸ்.எம்.ஆர். 20. பெயரிலேயே அளவு அடங்கிவிட்டது பாருங்கள்! சாம்பல், நைட்ரஜன், ஈரம் முதலியவற்றுக்கும் வரம்பு உண்டு. 140 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தபின் ரப்பரின் குழைமை எவ்வளவு எஞ்சுகிறது என்ற சோதனையும் சேர்ந்தது. பினாங்கிலிருந்து வாங்கினாலும் கிள்ளானிலிருந்து வாங்கினாலும் 20 என்றால் ஒரே பொருள்.

இதனால் ஏற்றம் பெற்றது மங்கிலேயே உறைந்துவிடும் கட்டிப்பால். முன்பு கழிவோடு கழிவாக எண்ணப்பட்ட அதை அரைத்து, கழுவி, உலர்த்தி எஸ்.எம்.ஆர். 20 ஆக்கினார்கள். டயர்த் தொழிலுக்கு அதுவே முதன்மைச் சரக்காயிற்று. சிறுதோட்டக்காரர் பலரிடம் புகையறை இல்லை; அவர்களின் கட்டிப்பாலுக்கும் ஆலையில் இடம் கிடைத்தது. விலை உயர்ந்ததா என்பது வேறு கேள்வி. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை எந்த எண்ணாலும் தடுக்க இயலாது.

இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இதே முறையில் தத்தம் எழுத்துகளோடு எண்களை அமைத்துக்கொண்டன. இன்று சிங்கப்பூர்ச் சந்தையில் முன்பேர வணிகம் நடப்பது ‘டி.எஸ்.ஆர். 20’ என்ற பொதுப்பெயரில். கட்டியின் எடைகூட முறைப்படுத்தப்பட்டது. ஒன்று முப்பத்து மூன்றே கால் கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு மெட்ரிக் டன்னுக்கு எத்தனை கட்டி என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். முப்பது என்ற விடை உடனே வரும்.