அசெம்பிள்டு கணினியும் அகலத் திரையும்: பாகத் தேர்வின் வரலாறு

அசெம்பிள்டு கணினி என்பது ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்து விற்கும் கணினி அன்று. செயலி, மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மானிட்டர் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து வாங்கி, ஒன்றாகப் பொருத்திப் பயன்படுத்துவதே அது. தமிழகத்தில் பல குடும்பங்களின் முதல் கணினி இவ்வகையைச் சேர்ந்தது. இன்று மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் விளையாட்டுக்காகக் கணினி அமைக்கும் இளைஞர் பாகங்களைத் தாமே தேர்கிறார். இந்த உரிமை எப்படி வந்தது, அகலத் திரை வந்தபின் தேர்வின் வரிசை எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உரிமக் காலம்

1970களில் இந்தியாவில் கணினி என்பது அரசு அலுவலகம், ஆய்வுக்கூடம், பெரிய ஆலை ஆகியவற்றுக்கு உரிய பொருளாகவே இருந்தது. இறக்குமதிக்கு உரிமம் தேவை, வரியும் மிகுதி. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளை ஏற்க மறுத்த ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. அந்த இடைவெளியில் வளர்ந்த இந்திய நிறுவனங்களுள் ஒன்று 1976இல் தொடங்கிய ஹெச்.சி.எல். அதன் நிறுவனர்களுள் முதன்மையானவரான சிவ நாடார் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர்.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை, தனியார் உற்பத்திக்கும் பாகங்களின் இறக்குமதிக்கும் வழியைத் தளர்த்தியது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம் கதவை இன்னும் அகலத் திறந்தது. 1997இல் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது. அதன்படி, அப்பட்டியலில் உள்ள கணினிப் பொருட்களின் சுங்க வரி 2005க்குள் படிப்படியாக நீக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பத்தின் கைக்குக் கணினி எட்டியதில் இந்த உடன்படிக்கையின் பங்கு பெரிது.

திறந்த வடிவமைப்பு

வரி குறைந்தது மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றொன்றின் பாகத்தோடு பொருந்தவும் வேண்டும். அதற்கு 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. அடித்தளம் இட்டது. விரைவாகச் சந்தைக்கு வரவேண்டும் என்பதற்காக, அந்நிறுவனம் வெளிச்சந்தையில் கிடைத்த இன்டெல் 8088 செயலியையும் பிற பாகங்களையும் பயன்படுத்தியது. மின்சுற்று விவரங்களையும் நூலாக வெளியிட்டது. அதனைப் படித்துப் பிற நிறுவனங்கள் ஒத்த கணினிகளைச் செய்தன. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, மதர்போர்டின் திருகுத் துளை எங்கே இருக்கவேண்டும், எஸ்.எம்.பி.எஸ். எந்த இணைப்பில் மின்சாரம் தரவேண்டும் என்பதை வரையறுத்தது. தைவானில் செய்த போர்டு வேறொரு நாட்டில் செய்த கேபினெட்டில் பொருந்துவது இந்த உடன்பாட்டினால்தான்.

ரிச்சி தெருவிலிருந்து மதுரைக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி. 1990களில் அது கணினிப் பாகங்களின் சந்தையாகவும் மாறியது. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு போலத் தமிழகத்துக்கு ரிச்சி தெரு அமைந்தது. மதுரைக் கடைகளுக்கும் சரக்கு பெரும்பாலும் சென்னை வழியாகவே வந்தது. கடைக்காரர் ஒரு தாளில் எழுதித் தரும் கொட்டேஷன்தான் அன்றைய வழிகாட்டி. முதல் வரியில் செயலியின் பெயர் இருக்கும். மற்றவை அதற்குக் கீழே வரும். மானிட்டர் பெரும்பாலும் கடைசி வரி. 14 அல்லது 15 அங்குலப் பிக்சர் டியூப் திரை என்பதற்கு மேல் அங்கே தேர்வதற்கு அதிகம் இல்லை.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பாடம், இணையம், தட்டச்சு ஆகியவற்றுக்கு அது போதுமானதாக இருந்ததால், வீட்டுக்கு ஒரு மேசைக் கணினி என்ற தேவை குறைந்தது. அசெம்பிள்டு கணினிக்கு எஞ்சிய வாடிக்கையாளருள் முக்கியமானவர்கள் படத்தொகுப்பு செய்வோரும் விளையாடுவோரும் ஆவர்.

கிராபிக்ஸ் கார்டின் எழுச்சி

1996இல் வந்த வூடூ, 1999இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 256 ஆகிய கார்டுகள், முப்பரிமாணக் காட்சியை வரையும் வேலையைச் செயலியிடமிருந்து பிரித்தெடுத்தன. அதன்பின் விளையாட்டுக் கணினியில் அதிக விலையுள்ள பாகம் கிராபிக்ஸ் கார்டே என்றாயிற்று. 2020 இறுதியிலிருந்து மின்னணு நாணயம் தோண்டுவோரும் இவற்றை வாங்கிக் குவித்ததால் உலகெங்கும் தட்டுப்பாடு நிலவியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் அம்முறையைக் கைவிட்ட பிறகு நிலைமை சீரானது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ராம் விலை ஏறியது. தொலைவில் நடக்கும் ஒரு மாற்றம் மதுரைக் கடையின் கொட்டேஷனைத் திருத்தி எழுதுகிறது என்பதற்கு இவை சான்றுகள்.

அகலத் திரையின் வருகை

வழக்கமான திரையின் அகல உயர விகிதம் 16:9. அதைவிட நீண்ட, 21:9 எனப்படும் திரைகள் 2012 அளவில் 29 அங்குலத்தில் வந்தன. 34 அங்குலத்தில் 3440×1440 புள்ளிகள் கொண்டவை 2014இல் வந்தன. இவற்றின் உண்மையான விகிதம் 43:18, அதாவது ஏறத்தாழ 2.39க்கு 1. இது சினிமாஸ்கோப் திரையின் விகிதத்தை ஒட்டியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல் வெளியானது. இன்றைய அகலத் திரைப் படங்களை இந்த மானிட்டரில் பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை அநேகமாக இராது.

அங்குலக் கணக்கை மட்டும் பார்ப்போர் இங்கே ஏமாறுவதுண்டு. 34 அங்குல அகலத் திரையின் உயரம், 27 அங்குல வழக்கமான திரையின் உயரமே. 29 அங்குலத் திரையின் உயரம் 23 அங்குலத் திரைக்குச் சமம். கூடுவது பக்கவாட்டு அகலம் மட்டுமே. 34 அங்குலத் திரை ஏறத்தாழ 80 செ.மீ. நீளம் என்பதால் மேசையையும் முன்னதாக அளந்துகொள்ள வேண்டும்.

வரிசை தலைகீழானது

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 3440×1440 திரையில் 49.5 லட்சம். நொடிக்கு 60 படங்கள் வரைய முன்னதற்கு 12.4 கோடிப் புள்ளிகளும், பின்னதற்கு 29.7 கோடிப் புள்ளிகளும் தேவை. இந்தச் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின்மீது விழுகிறது. செயலியின் வேலை அவ்வளவாகக் கூடுவதில்லை. சிறிய திரைக்குப் போதுமாயிருந்த கார்டு அகலத் திரையில் தடுமாறுவது இதனால்தான்.

ஆகவே கொட்டேஷனின் கடைசி வரி முதல் வரியாயிற்று. முதலில் திரை, திரைக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற எஸ்.எம்.பி.எஸ்.; கார்டின் நீளமும் காற்றோட்டமும் அறிந்து கேபினெட்; அதன்பின் செயலியும் மதர்போர்டும் என்பதே பொருத்தமான வரிசை. இணைப்பு வடமும் கவனத்துக்குரியது. பழைய ஹெச்.டி.எம்.ஐ. 1.4 வழியில் 3440×1440 திரை நொடிக்கு 50 படங்கள் அளவிலேயே நின்றுவிடும். டிஸ்பிளேபோர்ட் இணைப்பே ஏற்றது. விளையாட்டையும் பார்க்கவேண்டும். சைபர்பங்க் 2077, ஃபோர்சா ஹொரைசன் 5 போன்றவை அகலம் முழுவதையும் பயன்படுத்தும். வேலரண்ட், எல்டன் ரிங் ஆகியவற்றின் காட்சி 16:9 அளவுக்குள் நின்று, இரு பக்கமும் கறுப்பாக இருக்கும். அவற்றை மட்டுமே ஆடுவோருக்கு அகலத் திரையால் பெரும் பயன் இல்லை.

32 அங்குலக் கோடு

2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது பெரிய மானிட்டர்கள் 28 விழுக்காட்டுப் பிரிவில் வைக்கப்பட்டன. 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரையிலான திரைகளுக்கு 18 விழுக்காடு என்றானது. 34 அங்குல அகலத் திரை அந்தக் கோட்டைத் தாண்டி, ஆடம்பரப் பொருளின் வரியிலேயே தங்கியது. உயரத்தில் அதற்கு ஈடான 27 அங்குலத் திரைக்கோ குறைந்த வரி. எடுத்துக்காட்டாக, வரிக்கு முன் ரூ.30,000 விலையுள்ள திரைக்கு 28 விழுக்காட்டில் ரூ.8,400 வரி, 18 விழுக்காட்டில் ரூ.5,400. இந்த ரூ.3,000 ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.சின் விலையில் பெரும்பங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவு மானிட்டர்களுக்கும் 18 விழுக்காடு என மாற்றப்பட்டதால் இந்த வேறுபாடு நீங்கியது.

வெயிலும் மின்சாரமும்

வெளிநாட்டுப் பரிந்துரைகள் மதுரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கே ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். கணினி உண்ணும் 400, 500 வாட் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறையின் வெப்பமாகவே மாறுகிறது. முன்புறம் வலைத்துளை உள்ள கேபினெட்டும், எளிதில் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் கண்ணாடிப் பக்கத்தைவிடப் பயன் தருவன.

2012இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது யு.பி.எஸ். வீட்டுப் பொருளாயிற்று. மின்வெட்டு குறைந்த பின்னரும், பம்புசெட் ஓடும் வேளைகளில் கிராமங்களில் மின்னழுத்தம் தாழ்வதுண்டு. வீடுகளில் காணும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தரும். 500 வாட் இழுக்கும் கணினியை அது தாங்காது, மின்சாரம் போன கணத்திலேயே இரண்டும் அணையும். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு சரியில்லாவிட்டால் கேபினெட்டைத் தொடும்போது சுருக்கென்ற அதிர்வு தெரியும். அங்கே முதலில் வாங்கவேண்டியது பாகம் அன்று. எலக்ட்ரீஷியனின் ஒரு நாள் வேலை.

பாகத் தேர்வின் பயன்

2023 ஆகஸ்டில் மடிக்கணினி, டேப்லெட், ஆல்-இன்-ஒன் கணினி முதலியவற்றின் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என ஒன்றிய அரசு அறிவித்தது. பின்னர் நவம்பரில் அதை எளிய பதிவுமுறையாக மாற்றியது. மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் அப்பட்டியலில் இல்லை. பிரித்து வாங்குவோருக்குப் பழைய உரிமக் காலம் திரும்பவில்லை.

அசெம்பிள்டு கணினியின் பெருமை, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை என்பதே. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.சும் கேபினெட்டும் பல ஆண்டு உழைக்கும். ராம் பிறகு சேர்க்கலாம். கழற்றிய கார்டு தம்பியின் கணினிக்குப் போகலாம். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள முடிவது பெரிய சேமிப்பு. இத்தனைக்கும் நடுவே திரையே நீண்டநாள் கூட இருப்பது. செயலியும் கார்டும் இருமுறை மாறிய பின்னும் அதே திரை மேசையில் நிற்கும். அதனால்தான் அதை முதலில், அவசரப்படாமல் தேர்வது நல்லது.