குறைபார்வையும் துணைத் தொழில்நுட்பமும் – தருமபுரி மாவட்டம்

குறைபார்வை என்பது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றால் முழுமையாகச் சீராகாத, ஆயினும் அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தத்தக்க அளவு எஞ்சியுள்ள பார்வை நிலை ஆகும். எஞ்சிய பார்வையை நன்கு பயன்படுத்தவோ, அதற்கு மாற்றாகக் கேட்டலையும் தொடுதலையும் கொள்ளவோ உதவும் கருவிகளும் மென்பொருள்களும் துணைத் தொழில்நுட்பம் எனப்படுகின்றன. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் போன்று ஊர்ப்புறம் மிகுந்ததும் எழுத்தறிவு குறைந்ததுமான பகுதிகளில், இத்தொழில்நுட்பங்களின் பயன் இரண்டைப் பொறுத்துள்ளது: கண் பரிசோதனை எவ்வளவு அருகில் கிடைக்கிறது என்பது ஒன்று, கருவி தமிழில் பேசுகிறதா என்பது மற்றொன்று.

வரைவிலக்கணம்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இன்படி, தகுந்த கண்ணாடி அணிந்த பின்னரும் இரு கண்களுள் சிறந்த கண்ணின் பார்வைக் கூர்மை 6/18 ஐ விஞ்சாமல் 3/60 வரை இருப்பது குறைபார்வை ஆகும். பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைவாக 10 பாகை வரை சுருங்கியிருப்பதும் இதில் அடங்கும். 6/18 என்பது, இயல்பான பார்வையுடையவர் 18 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டர் தொலைவிலிருந்தே படிக்க இயலும் நிலையாகும்.

குறைபார்வை உடையவரது இடர் வெளியே எளிதில் தெரிவதில்லை. பார்வைப் புலம் சுருங்கிய ஒருவர் நாளிதழைப் படிக்கக்கூடும். ஆனால் அருகிலுள்ள படியில் தடுக்கி விழக்கூடும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்ற ஒருவர் தெருவில் தடையின்றி நடக்கக்கூடும். ஆனால் எதிரே வருபவரின் முகத்தை அறியமாட்டார். இதனால் இவர்கள் நடிப்பதாகத் தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

காரணங்கள்

நீரிழிவு விழித்திரை நோய், கண் அழுத்த நோய், விழித்திரை நிறமி நோய், முதுமை சார்ந்த விழித்திரை நடுப்புள்ளிச் சிதைவு, கருவிழித் தழும்பு, மிகைக் கிட்டப்பார்வை, நிறமிக்குறை ஆகியன முதன்மைக் காரணங்களாகும். கண்புரையாலும் பார்வை குறைகின்றது. எனினும் அது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால் சீராகக்கூடியது. ஆகவே எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னர் கண் மருத்துவரின் பரிசோதனை தேவையாகும்.

மாவட்டப் பின்னணி

தருமபுரி மாவட்டம் 1965 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 இல் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் தோன்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 15,06,843 பேர் வாழ்ந்தனர். அக்கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு வீதம் 68.54% ஆகும், இது அப்போது தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மிகக் குறைந்ததாக இருந்தது. சித்தேரி, வத்தல்மலை முதலிய மலையூர்களும் இம்மாவட்டத்தில் உள்ளன. மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இயங்கி வருகின்றது.

எழுத்தறிவு வீதம் இங்கு முக்கியமானது. எழுத்தைப் பெரிதாக்கும் கருவி படிக்கத் தெரிந்தவருக்கே பயன்படும். படிக்கத் தெரியாத முதியவருக்கு நாணயம், மருந்து, பேருந்து, படிக்கட்டு ஆகியவற்றை அறிய உதவும் பேச்சொலியும் அதிர்வுமே பயன்தருவன.

நோயறிதலில் தொழில்நுட்பம்

நீரிழிவும் கண் அழுத்த நோயும் தொடக்கத்தில் வலியின்றியே பார்வையைக் கெடுக்கின்றன. குறை தெரியும்போது மருத்துவமனைக்கு வருபவர் இழந்ததைப் பெரும்பாலும் மீட்க இயலாது. எனவே தொலைக் கண் மருத்துவம் முக்கியத்துவம் பெறுகின்றது. சென்னை சங்கர நேத்ராலயா 2003 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்புடன் ஊர்தி வழிக் கண் பரிசோதனையைத் தொடங்கியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தது. மையத்திலுள்ள பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் இணையம் வழியாக ஆலோசனை வழங்குகின்றார்.

செயற்கை அறிவு இதன் அடுத்த கட்டமாகும். கூகுள் ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 1,28,000 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட மென்பொருள் நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறிந்தது. இதற்கான படங்களில் ஒரு பகுதி இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து பெறப்பட்டது. 2019 இல் இம்மென்பொருள் மதுரை அரவிந்த் மருத்துவமனையில் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்தது. மென்பொருள் நோயைக் கண்டறிய மட்டுமே உதவும். அதன்பின் லேசர் சிகிச்சைக்கோ ஊசிக்கோ நோயாளி நகரத்துக்குச் சென்றாக வேண்டும். ஒருநாள் கூலியையும் பேருந்துச் செலவையும் அவரே ஏற்க நேர்ந்தால் பரிசோதனையின் பயன் குறைகின்றது.

எழுத்தைப் பெரிதாக்குதல்

கைவில்லை, தாங்கு வில்லை, தொலைநோக்கிக் கண்ணாடி ஆகியன பழைய கருவிகளாகும். நிழற்படக்கருவி வழியாக எழுத்தைத் திரையில் பெரிதாக்கும் மின்னணுக் கருவி 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் சாமுவேல் செனன்ஸ்கி குழுவினரால் உருவாக்கப்பட்டது. இன்று இதே வேலையைத் திறன்பேசி செய்கின்றது. பேருந்தின் ஊர்ப்பலகையையோ கரும்பலகையையோ படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்தில் ஒரு சிறப்பு இடர் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. ன, ண ஆகியவை சுழியின் எண்ணிக்கையால் மட்டும் வேறுபடுகின்றன. எனவே அளவைக் கூட்டுவதோடு நிற வேறுபாட்டையும் கூட்டுதல் வேண்டும். கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து கண்கூச்சம் உடையோருக்கு ஏற்றது. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தினால் அது தேய்ந்துவிடும் என்பது தவறான கருத்தாகும். எனினும் திரையை நெடுநேரம் மிக அருகில் வைத்துப் பார்ப்பதால் கண் வறட்சியும் கழுத்து வலியும் ஏற்படலாம்.

பேச்சொலியும் எழுத்துருச் சிக்கலும்

திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள் திரைபடிப்பான் எனப்படும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006 இல் தொடங்கிய என்விடிஏ ஒரு கட்டற்ற மென்பொருளாகும்; ஈஸ்பீக் என்னும் பேச்சொலிப் பொறியின் துணையுடன் இது தமிழிலும் படிக்கும். ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் டாக்பேக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும் 2009 முதல் உள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் எழுத்துணரியையும் தமிழ்ப் பேச்சொலி மென்பொருளையும் உருவாக்கினர்.

திரைபடிப்பான் தமிழை அறிய வேண்டுமாயின் உரை ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. பாமினியில் தட்டப்பட்ட "அம்மா" என்னும் சொல் கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளின் தொடராகும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்குப் பொருளற்ற ஒலியாகின்றது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய எழுத்துருவில் அமைந்த ஆவணங்களும், படமாக வருடப்பட்ட சுற்றறிக்கைகளும் திரைபடிப்பானுக்கு எட்டுவதில்லை.

அன்றாட வாழ்வில்

* பணத்தாள்: 1996 இல் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசையில் 100 ரூபாய்த் தாளும் 500 ரூபாய்த் தாளும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வேறுபட்டன. 2016 முதல் வெளியான புதிய வரிசையில் 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர் ஆகும். 4 மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலால் அறிதல் கடினம். ஓரங்களிலுள்ள புடைப்புக் கோடுகளும் தாள் பழகும்போது தேய்கின்றன. இதற்குத் தீர்வாக இந்திய ரிசர்வ் வங்கி 2020 சனவரியில் மணி என்னும் செயலியை வெளியிட்டது. இணைய இணைப்பின்றித் தாளின் மதிப்பைக் கூறும் இச்செயலியில் பின்னர் தமிழும் சேர்க்கப்பட்டது.
* சிறுகடை: யுபிஐ முறையில் வந்த தொகையை உரக்கக் கூறும் ஒலிப்பெட்டி, குறைபார்வை உடைய கடைக்காரருக்குப் பெரிதும் உதவுகின்றது.
* மருந்து: பளபளக்கும் மாத்திரை அட்டையில் சிறிய எழுத்தைப் படிப்பது கடினம். 2023 ஆகத்து முதல் இந்தியாவில் 300 மருந்து வணிகப் பெயர்களுக்கு விரைவுக் குறியீடு அல்லது பட்டைக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. விரைவுக் குறியீட்டைத் திறன்பேசியால் வருடினால் மருந்தின் பெயரையும் காலாவதி நாளையும் கேட்டறிய இயலும்.
* நடமாட்டம்: தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஸ்மார்ட்கேன் 2014 இல் வெளியானது, இதனைச் சென்னை பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் தயாரித்தது. வெண்கோலில் பொருத்தப்படும் இது, மீயொலியால் முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை உணர்ந்து அதிர்வால் தெரிவிக்கும்.

இடர்கள்

புதிய தொழில்நுட்பம் புதிய தடைகளையும் உண்டாக்குகின்றது. பொத்தான்கள் இல்லாத தொடுதிரைக் கருவிகள், படத்திலுள்ள எழுத்தைக் கேட்கும் இணையப் படிவங்கள், சில நொடிகளில் காலாவதியாகும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியன இவற்றுட் சில. கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறிப் பணம் எடுக்க நேர்வது ஏமாற்றப்படும் வாய்ப்பையும் தருகின்றது. உடலில் பொருத்தும் கருவிகளிலும் இடர் உண்டு: ஆர்கஸ் 2 என்னும் விழித்திரைப் பதியத்தின் தயாரிப்பு 2019 இல் நிறுத்தப்பட்டது; அதைப் பொருத்தியிருந்தோர் பழுதுநீக்கும் வசதியை இழந்தனர்.

சட்டமும் அரசு உதவியும்

40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோர் மருத்துவச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் பெறலாம். 2016 சட்டம் அரசு வேலைவாய்ப்பில் பார்வையின்மை, குறைபார்வை உடையோருக்கு 1% இட ஒதுக்கீடு வழங்குகின்றது. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை உருப்பெருக்கி, மடக்குக் கோல், திறன்பேசி முதலியவற்றைத் தகுதியுடையோருக்கு வழங்குகின்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள நலத்துறை அலுவலகத்தில் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை காக்கும் வாழ்வுரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது.

இவற்றையும் பார்க்க

* தருமபுரி மாவட்டம்
* பிரெய்லி
* ஒருங்குறி
* நீரிழிவு விழித்திரை நோய்