ஒரே பெயர், வேறு தோட்டா

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்தது. 1761-ல் அது ஆங்கிலேயர் வசமானது. இரு படையினரும் ஏந்தியவை தீக்கல் துப்பாக்கிகள். ஆனால் ஆங்கிலேயரின் குழல் வாய் 0.75 அங்குலம், பிரெஞ்சுக்காரருடையது 0.69. பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலேயக் குழலில் தொளதொளக்கும். ஆங்கிலேயக் குண்டு பிரெஞ்சுக் குழலில் இறங்கவே திணறும். தவறு குழல் வாயிலேயே தெரிந்துவிடும்.

பித்தளைக் கூடு வந்ததும் நிலைமை மாறியது. குண்டு, மருந்து, தீப்பற்றவைக்கும் கேப் மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டானும் 1860-களில் ஆளுக்கொரு கேப் முறையை உருவாக்கினார்கள். பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. சுட்டபின் கேப்பை உள்ளிருந்து ஊசியால் தள்ளிவிட்டு மறுபடி நிரப்பலாம். பெர்டான் கூட்டில் பொதுவாக இரு சிறு துளைகள். அதே ஊசி அங்கே உதவாது. தோட்டாக்களைக் கையால் மறுபடி நிரப்பும் பழக்கம் பாக்ஸர் கூட்டை நம்பியே வளர்ந்தது.

குழப்பமும் கூடவே வளர்ந்தது. 1902-ல் ஜெர்மனியின் 9 மி.மீ. லூகர், 1908-ல் பிரவுனிங்கின் குட்டை 9 மி.மீ., 1951-ல் சோவியத்தின் மக்காரோவ். கூட்டின் நீளம் முறையே ஏறத்தாழ 19, 17, 18 மி.மீ. குவியலில் ஒரு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும். குட்டைக் கூட்டில் உள்ளிடம் குறைவு. பெரிய தோட்டாவுக்கான மருந்து அதில் விழுந்தால் அழுத்தம் எகிறும். துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரின் கையைச் சிதைக்கலாம்.

இப்படித் தோட்டா மாறிப்போகும் ஆபத்தை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1935-ல் .357 மேக்னம் வந்தபோது, பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குள் அது நுழையக் கூடாதென்றே கூட்டை 3 மி.மீ.க்குச் சற்று மேல் நீட்டினார்கள். பெயரில் .38, .357 என்றிருந்தாலும் இரண்டின் குண்டும் ஒரே விட்டம்தான்.

இந்தியாவில் இதே சிக்கல் .32-இல் இருக்கிறது. கான்பூர் துப்பாக்கி ஆலையின் .32 ரிவால்வருக்கு ஏறத்தாழ 23 மி.மீ. கூடு; .32 பிஸ்டலுக்கோ 17 மி.மீ. கூடு. இரண்டுக்கும் வழக்கில் ஒரே பெயர்.

உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடைசெய்கிறது. அதனால் வீட்டு மேசையில் தோட்டா நிரப்பும் அமெரிக்கப் பொழுதுபோக்கு இங்கே வேரூன்றவில்லை. அது வேரூன்றிய நாடுகளில் அனுபவசாலிகள் ஒரு நேரத்தில் ஒரு ரகக் கூட்டை மட்டுமே மேசையில் வைப்பார்கள். ஒவ்வொன்றின் அடியையும் விளக்கில் காட்டி, பொறித்த எழுத்தைப் படிப்பார்கள். அங்கே தோட்டா ரகமோ தயாரிப்பாளர் குறியோ இருக்கும். புனே அருகே கிர்க்கி ஆலையில் செய்த கூடு என்றால் 'கே.எஃப்.' எழுத்துகள். எழுத்து தேய்ந்திருந்தால் வெர்னியர் வைத்து நீளம் பார்ப்பார்கள். அதற்கும் பிடிபடாத கூடு பழைய பித்தளையாக எடைக்குப் போகும்.