கதவுக்குள்ள ஒரு கடதாசி: கார் ஸ்பீக்கரின் கதை

எங்கட நாட்டில ஓடுற பழைய ஜப்பான் கார் ஒண்டின் கதவு மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒட்டின ஒரு கடதாசிக் கூம்பு, அதுக்குப் பின்னால தீப்பெட்டி அளவில ஒரு காந்தம், ரெண்டு வயர். இவ்வளவுதான் இருக்கும். லட்சக்கணக்கில காசு குடுத்து வாங்கின வாகனத்தில், பாட்டு வாற இடத்துக்குக் கம்பனி ஒதுக்கினது அவ்வளவுதான். பத்துப் பதினைஞ்சு வருச வெயிலும் மழையும் பட்டு அந்தக் கடதாசி இத்துப்போயிருக்கும். பிறகு, "இந்தக் காரில பாட்டுச் சரியில்லை" எண்டு சொல்லிக்கொண்டு அப்பிடியே ஓடுவம்.

ஏன் கம்பனி இப்பிடிச் செய்யுது, அதை மாத்தலாம் எண்ட எண்ணம் எங்கேயிருந்து வந்தது எண்டு தேடினால், நூறு வருசத்துக்கும் மேலான ஒரு வரலாறு விரியுது. காரில் என்ன கேட்கலாம், எப்பிடிக் கேட்கலாம் எண்டதைத் தீர்மானிக்கிறது காரைச் செய்த கம்பனியா, காரை வச்சிருக்கிற ஆளா? அந்த வரலாறு முழுக்க இந்த இழுபறி இருக்கு.

வெளியில இருந்து வந்த குரல்

1915 அளவில் கலிபோர்னியாவில் பீற்றர் ஜென்சன் எண்ட டென்மார்க்காரரும் எட்வின் பிரிதாமும், காந்தத்துக்கு நடுவில அசையிற ஒரு கம்பிச் சுருளை வச்சுப் பெரிய சத்தம் எழுப்பிக் காட்டினார்கள். தங்கட கம்பனிக்கு அவர்கள் வைச்ச பெயர் மக்னவொக்ஸ். லத்தீனில் பெருங்குரல் எண்டு அர்த்தம். 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸும் எட்வேர்ட் கெலொக்கும் அந்தச் சுருளை ஒரு கடதாசிக் கூம்போட சேர்த்து, புனல் இல்லாமலே தெளிவாகப் பாடுற ஸ்பீக்கரின் இலக்கணத்தை எழுதினார்கள். இண்டைக்கு உங்கட கார்க் கதவுக்குள்ள இருக்கிறதும் அடிப்படையில அதேதான். கொழும்பு வானொலி தொடங்கினதும் அதே 1925இன் டிசம்பரில்.

ஸ்பீக்கர் காருக்குள்ள ஏறினது வாகனக் கம்பனிகளின் தயவில எண்டு நினைக்கிறவை இருக்கினம். ஆனால் கார் ரேடியோ பிறந்ததே வெளிச் சாமானாகத்தான். 1930இல் சிகாகோவைச் சேர்ந்த போல் கல்வின் தன்ர ஸ்ருடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பூட்டிக்கொண்டு, அட்லாண்டிக் சிற்றியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போட வசதியில்லை. வெளியில காரை நிப்பாட்டி, சத்தத்தைக் கூட்டி வச்சு, போறவாறவையைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ரேடியோவுக்கு வைச்ச பெயர்தான் மோட்டரோலா. விலை 110 இலிருந்து 130 டொலர் வரை. அந்தக் காலத்தில் ஒரு புது ஃபோர்ட் காரையே 600 டொலருக்குள்ள வாங்கலாம். ஜெர்மனியில் 1932இல் வந்த புளோபுங்ற் கார் ரேடியோவின் விலை 465 மார்க். சின்னக் கார் ஒண்டின் விலையில் மூண்டில் ஒரு பங்கு.

பூட்டுறதும் லேசான வேலையில்லை. வால்வு ரேடியோவுக்கு உயர்ந்த வோல்ற்றளவு வேணும். அதுக்குக் காரின் தரையை வெட்டித் தனிப் பற்றறிகள் வைக்கவேணும். எஞ்சினின் தீப்பொறி இரைச்சலை அடக்கத் தனிச் சாமான் வேணும். ஸ்பீக்கர் ஒரு தகரப் பெட்டிக்குள்ள, டாஷ்போர்டுக்குக் கீழ, கால்மாட்டில தொங்கும். சாரதியின் கவனம் சிதறும், இதைத் தடைசெய்யவேணும் எண்டும் அமெரிக்காவில் பேச்சு எழும்பினது. இத்தனைக்குப் பிறகும் சனம் வாங்கினது. அதைப் பாத்துத்தான் வாகனக் கம்பனிகள் ரேடியோவைத் தாங்களே பூட்டி விற்கத் தொடங்கின.

டாஷ்போர்டிலிருந்து கதவுக்கு

அந்தத் தொடக்க கால ஸ்பீக்கர்களில் காந்தம் எண்டது மின்காந்தம். அதுவே பற்றறியைக் குடிக்கும். 1931இல் ஜப்பானியரான ரொக்குஷிச்சி மிஷிமா நிக்கலும் அலுமினியமும் கலந்த பலமான காந்த உருக்கைக் கண்டுபிடிச்சார். அல்னிக்கோ எண்ட காந்த வகை அதிலிருந்து வளர்ந்தது. 1950களில் பிலிப்ஸ் ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஃபெரைற் காந்தம் இன்னும் மலிவு. ஸ்பீக்கர் எண்ட சாமான் சாதாரண சனத்தின் கைக்கு எட்டினதுக்கு இந்தக் கறுப்புக் காந்தம் முக்கிய காரணம்.

1960கள் வரைக்கும் பெரும்பாலான கார்களில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். டாஷ்போர்டின் நடுவில, முன்கண்ணாடியைப் பாத்தபடி இருக்கும். அதை மாத்தினது ஸ்ரீரியோ. 1966ஆம் ஆண்டு மொடல் கார்களில் ஃபோர்ட் கம்பனி எட்டுத் தடக் கசற் பிளேயரைக் குடுத்தது. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்தின சின்னக் கசற்றும் சில வருசத்தில காருக்குள்ள வந்தது. ஸ்ரீரியோவுக்கு இடம் ஒண்டு, வலம் ஒண்டு வேணும். ரெண்டு பக்கமும் சமனாக இருக்கிற இடம் எது? கதவு.

ஒலியின்ர கண்ணால பாத்தால் கதவு மோசமான இடம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னுக்குத் தள்ளுற அதே நேரம் பின்னுக்கு இழுக்கும். பின்பக்க அலை முன்பக்கத்துக்குக் கசிஞ்சு வந்தால் ரெண்டும் ஒண்டையொண்டு அழிச்சுப்போடும். முதலில சாகிறது தாழ்ந்த சுரம், அதாவது 'பேஸ்'. கார்க் கதவின் உள்தகரத்தில் கை நுழையிற அளவுக்கு ஓட்டைகள். போதாததுக்கு, கண்ணாடி வழியா மழைத் தண்ணி உள்ளுக்க இறங்கும். ஆக, கதவுக்குள்ள ஒரு கடதாசிக் கூம்பைத் தூக்கி வைக்கிறது, நனைய வைக்கிறதுக்குச் சமன்.

இந்தக் குறையிலதான் மலிவான மாற்று ஸ்பீக்கர் சந்தை வளர்ந்தது. 1970களில் ஜென்சன் எண்ட பெயரிலேயே, முதலில நாங்கள் சொன்ன அதே பீற்றர் ஜென்சன் 1927இல் தொடங்கின வணிகத்தின் வழியில, கூம்பின் நடுவிலேயே சின்ன ஸ்பீக்கர்களை ஏத்தின காருக்கான 'ட்ரையக்சியல்' வந்தது. ஒரே ஓட்டைக்குள்ள பேஸும் கீச்சுச் சுரமும். பயனியர், கென்வூட், சொனி எண்டு ஜப்பான் கம்பனிகளும் இறங்கின. நனைஞ்சாலும் ஊறாத பொலிபுரொப்பிலீன் கூம்பு, உக்கிப்போற பஞ்சு விளிம்புக்குப் பதிலா றப்பர் விளிம்பு எண்டு சாமான் திருந்தினது.

இதையெல்லாம் சாத்தியமாக்கினது ஒரு எளிய விசயம்: ஓட்டையின் அளவு. ஆறரை அங்குலம், அஞ்சேகால் அங்குலம், ஆறுக்கு ஒன்பது நீள்வட்டம் எண்டு சில அளவுகள் வழக்கமாகிவிட்டன. தடை அநேகமாக 4 ஓம். கம்பனிக்குக் கம்பனி ஆணி ஓட்டை மாறினாலும், இடையில ஒரு வளையம் வைச்சால் எவர் செய்த ஸ்பீக்கரும் எவர் செய்த காரிலும் இருக்கும்.

வாட் எண்ட பொய்

சந்தை திறந்தால் புழுகும் வரும். அமெரிக்காவில் வீட்டு அம்பிளிஃபயர்களுக்கு உண்மையான வாட் அளவைத்தான் சொல்லவேணும் எண்டு 1974இல் விதி வந்தது. கார்ச் சாமானுக்கு அந்த விதி பொருந்தேல்லை. அதனால்தான் இண்டைக்கும் பெட்டியில 300 வாட், 600 வாட் எண்டு பெரிய எழுத்தில இருக்கும்.

கணக்கைப் பாப்பம். எஞ்சின் ஓடேக்க காரின் மின்சாரம் ஏறத்தாழ 14.4 வோல்ற். அதை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் குடுத்தால், சுத்தமான அலையா வரக்கூடியது கூடினபட்சம் 26 வாட். இழப்புப் போக ஒரு 20. செற்றின்ர முகத்தில '50x4' எண்டு போட்டிருக்கிறது, அலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகி, பாட்டே கெட்டுப்போன நிலையில கிடைக்கிற கணக்கு. தனி அம்பிளிஃபயர் இல்லாட்டி நீங்கள் பாக்கவேண்டியது வாட்டை இல்லை. பெட்டியின் மூலையில சின்ன எழுத்தில இருக்கிற உணர்திறன் அளவை. 87 டெசிபெல் ஸ்பீக்கர் ஒண்டும் 90 டெசிபெல் ஸ்பீக்கர் ஒண்டும் ஒரே சத்தம் போடவேணும் எண்டால், முதலாவதுக்கு ரெண்டு மடங்கு வாட் வேணும்.

குறைஞ்ச வாட்டில என்ன கேட்கலாம் எண்டதை எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில மின்சாரம் இல்லை. பற்றறி தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வந்த மின்சாரத்தில ஊர் செய்தி கேட்டது, பாட்டுக் கேட்டது. சைக்கிள் டைனமோ தாறது 6 வோல்ற், 3 வாட். அதுவும் ஆடலோட்டம்; டயோட் போட்டு நேரோட்டமாக்கவேணும். அந்த 3 வாட்டில ஒரு வீடே சுத்தி இருந்து கேட்டது. மண்ணெண்ணெயில ஓஸ்ரின் ஏ40 ஓட்டின அதே காலம், அதே கைகள். ஒரு சாமானைத் திறந்து பாத்து, அதின்ர குணம் அறிஞ்சு, எங்கட தேவைக்கு மாத்துறது எங்கட ஊரில பொழுதுபோக்கா வந்த பழக்கமில்லை.

இப்ப எங்க நிக்கிறம்

ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை கனகாலமாக 76 இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. எங்கட நிலையங்களோ 108 வரைக்கும் பரவிக் கிடக்குது. அங்கயிருந்து இறக்கின காரில எங்கட வானொலி பாதி எடுபடாது. திரையில ஜப்பான் எழுத்து. அதனால இங்க எல்லாரும் முதலில செற்றை மாத்துவினம். பெரிய தொடுதிரை ஏறும். கதவுக்குள்ள அதே பழைய கடதாசி இருக்கும். முகம் புதுசு, குரல் பழசு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கினது. இடையில ஒவ்வொரு காரும் அஞ்சு வயசு கூடக் கிழடானது. இருக்கிறதைத் திருத்தி ஓட்டுறது எங்கட நாட்டில வழமை.

மலிவான ஒரு சோடி ஆறரை அங்குல ஸ்பீக்கர் போதும். முன்கதவில மட்டும் போடுங்கள். வாங்க முதல், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு எவ்வளவு ஆழம் மிஞ்சுது எண்டு அளவுங்கள். மிச்சக் காசில கதவின் உள்தகர ஓட்டைகளை ஒட்டும் தகட்டால அடையுங்கள். ஆனால் கதவின் அடியில தண்ணி வடியிற துளைகளை மூடாதேங்கோ, துருப்பிடிச்சுப்போகும். ரெண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி இருக்கவேணும். ஒண்டு மாறினால் பேஸ் காணாமல் போகும். சந்தேகம் எண்டால் 1.5 வோல்ற் பற்றறியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில பிளஸ் பட்டால் கூம்பு வெளியில வரும்.

இந்தத் திறந்த வழி எப்போதும் இருக்கும் எண்டு நிச்சயமில்லை. 1983 மொடல் கடிலக் கார்களில் போஸ் நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள், ஒவ்வொண்டுக்கும் தனி அம்பிளிஃபயரோட, அந்தக் காரின் உள்வெளிக்கெண்டே அளந்து செய்து வந்தன. ஒலி நல்லது. ஆனால் ஒண்டு பழுதானால் கடையில வாங்கி வைக்க ஏலாது. இண்டைக்கு வாற கார்களில ரேடியோ, ஏசி, பின் கமரா எல்லாம் ஒரே திரைக்குள்ள. செற்றைக் கழற்றினால் கார் பாதி ஊமையாகிவிடும். கல்வின் வெளியில நிண்டு கூப்பிட்டுத் திறந்த கதவை, கம்பனிகள் மெல்ல மெல்லச் சாத்துகின்றன.

மாத்தக்கூடிய கார்கள் இன்னும் எங்கட றோட்டில ஓடுது. ஒரு ஸ்குரூ டிறைவரும் ஒரு பின்னேரமும் இருந்தால் போதும். எங்கட காதுக்கு எது போதும் எண்டதை நாங்களே முடிவெடுக்கிற உரிமையும் அந்தப் பின்னேரத்துக்குள்ள வரும்.